அடாப்டர் எதை மாற்றுகிறது?

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிற வீட்டில், கடைசி வாரம் இரண்டு பட்டியல்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றில் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வத்தல், வடகம். அதற்கு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இன்னொன்றில் சார்ஜர், கேபிள், மிக்ஸி, கெட்டில், பாட்டியின் நெபுலைசர். குழப்பமெல்லாம் இந்த இரண்டாவது பட்டியலில்தான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாக அதைப் பார்ப்போம்.

யுனிவர்சல் அடாப்டர் ஒன்று வாங்கிவிட்டால் நம் வீட்டுச் சாமான் எதையும் எந்த ஊரிலும் சொருகிவிடலாம் என்று ஏறக்குறைய எல்லோரும் நம்புகிறோம். சொருகலாம், அது உண்மைதான். சொருகியது ஒழுங்காக ஓடுமா என்பது தனிக் கேள்வி. அடாப்டருக்கும் அந்தக் கேள்விக்கும் சம்பந்தமே இல்லை.

நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். அமெரிக்கச் சுவரில் வருவது 120. வோல்ட் என்பதை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் உயரம் என்று வைத்துக்கொள்வோம். தொட்டி உயரத்தில் இருந்தால் கீழே குழாயில் தண்ணீர் சீறி வரும். தாழ்வாக இருந்தால் மெதுவாக வரும். அடாப்டர் என்பது அந்தக் குழாயின் வாயில் ஹோஸைப் பொருத்துகிற சின்ன இணைப்பு. வாய் சிறிதோ பெரிதோ, ஹோஸை அது கச்சிதமாக மாட்டிவிடும். ஆனால் மாடியில் இருக்கும் தொட்டியை அது ஒரு அடிகூட ஏற்றவோ இறக்கவோ செய்யாது.

சிங்கப்பூருக்குப் போனவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாமலே போயிருக்கும். அங்கேயும் 230 வோல்ட்தான். பின் மட்டும் நம் உருண்டைப் பின்னுக்குப் பதிலாகப் பட்டையாக இருக்கும். அடாப்டரை மாட்டினார்கள், எல்லாம் ஓடியது. அந்த அனுபவத்தை நம்பி அமெரிக்காவுக்கு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள்தான் அங்கே போய்த் திகைக்கிறார்கள்.

அப்படியானால் எதை எடுத்துப்போகலாம்? பதில் நம் கையிலேயே அச்சாகி இருக்கிறது. செல்போன் சார்ஜரைத் திருப்பிப் பார்ப்போம். பொடி எழுத்தில் 'இன்புட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் கவலையில்லை. ஹெர்ட்ஸ் என்பது மின்சாரம் ஒரு நொடியில் எத்தனை முறை முன்னும் பின்னும் அலைகிறது என்ற கணக்கு. இங்கே 50, அமெரிக்காவில் 60. இன்றைய செல்போன், லேப்டாப், கேமரா சார்ஜர்களில் பெரும்பாலும் இந்த வரிதான் இருக்கும். உள்ளே வருகிற மின்சாரத்தை இவை முதலில் ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக ஆக்குகின்றன. பிறகு நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, தேவையான அளவு மட்டும் வெளியே விடுகின்றன. வருவது குறைந்தால் திறந்திருக்கும் நேரத்தைத் தானே கூட்டிக்கொள்ளும், மிகுந்தால் குறைத்துக்கொள்ளும். இவற்றுக்கு அடாப்டர் ஒன்றே போதும்.

அந்த வரியில் 230 வோல்ட் என்று மட்டும் இருந்தால் கதை வேறு. எலெக்ட்ரிக் கெட்டிலை எடுத்துக்கொள்வோம். சூடாக்கும் சாமானில் வோல்ட் பாதியானால் சூடு பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும். அழுத்தம் குறையும்போது ஓடுகிற மின்சாரமும் சேர்ந்து குறைவதால் இப்படி. நம் ஊர் 1,500 வாட் கெட்டில் அமெரிக்கச் சுவரில் 400 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். வெடிக்காது, புகையாது, டீக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் பொறுமை போய்விடும், அவ்வளவுதான். மிக்ஸிக்கு இன்னும் சிரமம். மோட்டார் பலமில்லாமல் சுற்றும். தேங்காயும் பருப்பும் போட்டதும் திணறி நிற்கும். நின்றுவிட்ட மோட்டாருக்குள் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் சுருள் சூடாகும். வோல்ட்டை ஏற்றித்தரும் டிரான்ஸ்ஃபார்மர் கடையில் கிடைக்கிறது, ஆனால் மிக்ஸியின் வாட்டுக்கு ஏற்ற டிரான்ஸ்ஃபார்மர் கனமானது. அந்த எடையில் எத்தனை வடகம் போகும்! அங்கேயே தங்கப்போகும் மகளுக்கோ மகனுக்கோ மிக்ஸி வேண்டுமென்றால், ப்ரீத்தி போன்ற நம் ஊர் நிறுவனங்களே அமெரிக்காவுக்கென்று 110 வோல்ட் மாடல் செய்கின்றன. அதை வாங்குவதுதான் சரி.

திரும்பி வரும்போது இதே கணக்கு தலைகீழாகும், அதுதான் உண்மையில் ஆபத்தானது. 120 வோல்ட்டுக்கென்று மட்டும் செய்த ஹேர் டிரையரை ஆசையாக வாங்கி வந்து, அடாப்டர் போட்டு நம் சுவரில் சொருகினால், அது தாங்க வேண்டிய சக்தி மூன்றரை மடங்குக்கு மேல் போகும். சில நொடியில் கருகிவிடும். குழந்தைகள் கைபடும் இடத்தில் இதை வைக்கவே கூடாது.

பாட்டியின் நெபுலைசரையும், தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் சிபாப் கருவியையும் கட்டாயம் திருப்பிப் பார்க்க வேண்டும். சிபாப் பெரும்பாலும் 100-240 வகை. வீட்டு நெபுலைசர்களில் பல 230 மட்டுமே. இதை விமான நிலையத்தில் தெரிந்துகொண்டு பயனில்லை. பேட்டரியில் ஓடும் கையடக்க நெபுலைசரை முன்கூட்டியே வாங்கி, ஒரு வாரம் வீட்டில் பழக்கிவிடலாம்.

லேப்டாப்பில் ஒரு வசதி உண்டு. செங்கல் போன்ற அந்தச் சார்ஜரிலிருந்து சுவருக்குப் போகும் ஒயரைத் தனியே கழற்றிவிடலாம். அமெரிக்கப் பின் உள்ள ஒயர் ஒன்று வாங்கிவிட்டால் அடாப்டரே வேண்டாம். கனமான மூன்று பின் ஒயர் அடாப்டரோடு சேர்ந்து சுவரிலிருந்து நழுவி விழும் தொல்லையும் போகும். இரண்டு பின் அடாப்டரில் எர்த் கிடையாது. உலோக உடம்புள்ள லேப்டாப்பைத் தொடும்போது சுருசுருவென்று ஒரு உணர்வு வருவது அதனால்தான்.

 

கடைசியாக பவர் பேங்க். இதைக் கையில் கொண்டுபோகும் பையில்தான் வைக்க வேண்டும். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கக்கூடாது. லித்தியம் பேட்டரி சில சமயம் தானே சூடேறித் தீப்பிடிக்கும். இருக்கைப் பக்கம் என்றால் பணிப்பெண்கள் பார்த்து அணைப்பார்கள். விமானத்தின் அடிவயிற்றில் யாரும் போக முடியாது. பொதுவான வரம்பு 100 வாட்-அவர். அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பவர் பேங்கில் மில்லி ஆம்பியர் அவர் மட்டும் இருந்தால், அதை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்கலாம்: 20,000 என்றால் 74 வாட்-அவர், தாராளமாகப் போகலாம். 30,000 என்றால் 111. அனுமதி கேட்க வேண்டும். துபாய் வழியாகப் போகிறவர்கள் கவனிக்க: எமிரேட்ஸ் 2025 அக்டோபர் முதல் ஆளுக்கு ஒரு பவர் பேங்க் மட்டும் அனுமதிக்கிறது, விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் விடுவதில்லை. எனவே குழந்தையின் டேப்லெட்டை வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள். எழுத்து அழிந்து அளவு தெரியாத பழைய பவர் பேங்கைச் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்ளக்கூடும். அதை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.