பழைய ரொட்டியிலிருந்து ஒரு பானம்

லிதுவேனியாவில் தாகம் எடுத்தால் "நோர்யு கெர்த்தி" என்று சொன்னால் போதும்; குடிக்க வேண்டும் என்று பொருள். தண்ணீர்தான் வேண்டுமென்றால் "நோர்யு வந்தென்ஸ்". தண்ணீருக்கு அகராதியில் உள்ள வடிவம் "வந்துவோ". ஆனால் ஒரு பானத்தில் கொஞ்சம் கேட்கும்போது லிதுவேனிய மொழி அந்தப் பெயரை ஆறாம் வேற்றுமைக்கு மாற்றிவிடுகிறது. அதனால் கோடையில் அந்த ஊர்க் கடைகளில் "ஆர் துரித்தே கிரோஸ்?" என்று யாராவது கேட்டால், அவர் கேட்பது கிரா என்னும் பானம் இருக்கிறதா என்று.

கிரா பழைய ரொட்டியில் செய்வது. கேட்க வியப்பாக இருக்கும். அந்த ரொட்டி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால் வியப்பு தணிந்து மரியாதை வரும்.

லிதுவேனியர்களின் கறுப்பு ரொட்டி ரை என்னும் தானியத்தால் ஆனது. கோதுமை சரியாக வராத குளிர்ந்த மணல் நிலத்திலும் ரை விளையும். இலையுதிர் காலத்தில் விதைத்தால், பனிக்கு அடியில் குளிர்காலத்தைத் தாண்டி அடுத்த கோடையில் அறுவடைக்கு வந்துவிடும். ஆனால் மாவு எளிதில் வசப்படாது. கோதுமை மாவைப்போல இழுவை இதற்குக் கிடையாது. ரை மாவிலுள்ள நொதிகள் அடுப்புச் சூட்டில் ஸ்டார்ச் என்னும் மாவுச்சத்தைச் சிதைத்து, ரொட்டியின் நடுப்பகுதியைப் பிசினாக்கிவிடும். மாவு நன்றாகப் புளித்திருந்தால் அமிலம் அந்த நொதிகளைக் கட்டுப்படுத்தும். ஆகவே மாவு பிசையும் மரத்தொட்டியைக் கிராமத்துப் பெண்கள் கழுவுவதில்லை. ஓரத்தில் ஒட்டிய பழைய மாவே அடுத்த முறைக்கு உறை. இட்லி மாவைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா வகைதான் இங்கும் வேலை செய்கிறது. புளித்த மாவை வசம்பு இலைகள்மேல் வைத்துச் சுடுவது அங்கே பழைய வழக்கம். நம் வீடுகளில் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் அதே வசம்புச் செடிதான்.

இத்தனை உழைப்பில் வந்த ரொட்டித் துண்டு தரையில் விழுந்தால் எடுத்து முத்தமிடும் பழக்கம் அவர்களிடம் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் காய்ந்துபோன ரொட்டியைக் குப்பையில் போட மனம் வருமா? அது பானைக்குப் போகிறது.

முதலில் ரொட்டியைத் துண்டாக்கி, அடுப்பில் நன்கு கருக்க வாட்டுகிறார்கள். கிராவின் நிறமும் மணமும் இங்கேதான் பிறக்கின்றன: சூட்டில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த வாசனையையும் உண்டாக்குகின்றன. தீய்ந்து கரியாகிவிட்டால் கசப்பு ஏறிவிடும். அரைக் கிலோ ரொட்டிக்கு ஐந்து லிட்டர் என்ற அளவில் கொதிநீர் ஊற்றி, மூடி, ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டுகிறார்கள். வெதுவெதுப்பான வடிநீரில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்கின்றன.

ரொட்டியிலேயே மாவுச்சத்து இருக்கும்போது சர்க்கரை எதற்கு? ஈஸ்ட்டால் ஸ்டார்ச்சை நேரடியாக உண்ண முடியாது. அதைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் ரொட்டி சுடும்போதே அழிந்துவிட்டன. சர்க்கரை கிடைக்காத காலத்தில் இந்தக் குறையை மால்ட் தீர்த்தது. முளைகட்டி உலர்த்திய தானியம்தான் மால்ட். அதன் நொதிகள் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஸ்டார்ச்சை இனிப்பாக மாற்றிவிடும். என்னைக் கேட்டால் இந்தக் கைத்தொழிலின் மிக நுட்பமான பகுதி இதுதான். வெப்பமானி இல்லாமல், நொதி என்ற ஒன்று இருப்பதே தெரியாமல், அந்தச் சூட்டைக் கையாலும் கண்ணாலும் பழகி வைத்திருந்தார்கள்.

அரை நாளில் மேலே நுரை கட்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் சிறிது ஆல்கஹாலையும் வெளிவிடுகிறது. உடனே பாட்டிலில் அடைத்து, ஒவ்வொன்றிலும் சில உலர்திராட்சைகளைப் போட்டு, குளிர்ந்த நிலவறைக்கு அனுப்புகிறார்கள். வாயுக் குமிழ்கள் ஒட்டித் திராட்சை மேலே மிதந்து வந்தால் பானம் தயாராகிறது என்று அர்த்தம். குளிரில் ஈஸ்ட் மந்தமாகிவிடுவதால் ஆல்கஹால் பெரும்பாலும் ஒரு சதவீதத்தைச் சுற்றியே நிற்கும், குழந்தைகளும் குடிப்பார்கள். பாட்டிலை வெயிலில் மறந்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி கண்ணாடி வெடிக்கக்கூடும். அதனால் கழுத்துவரை நிரப்பாமல் இடம் விடுவது முக்கியம்.

கிராவின் புளிப்பு உமிழ்நீரைச் சுரக்கவைப்பதால், வறண்ட வாய்க்கு வெறும் இனிப்புப் பானத்தைவிட இது இதமானது. வசந்தத் தொடக்கத்தில் மட்டும் இதற்கு ஒரு போட்டி உண்டு: சுலா, அதாவது பிர்ச் மரத்தின் நீர். இலை துளிர்க்கும் முன், வேர்கள் அழுத்தி மேலே அனுப்பும் நீரை மரத்தில் சிறு துளையிட்டு வடிக்கிறார்கள். அதில் சர்க்கரை ஒரு சதவீதம் அளவுதான். மொட்டு விரிந்ததும் நீர் கலங்கிக் கசந்துவிடும், அத்தோடு பருவம் முடிந்தது.

சோவியத் காலத்தில் தெருமுனைகளில் மஞ்சள் நிறத் தொட்டி வண்டிகளிலிருந்து கிராவைக் குவளையில் பிடித்துக் கொடுத்தார்கள். இன்று கடையில் பிளாஸ்டிக் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் சில, நிறமும் மணமும் ஏற்றி வாயு செலுத்திய இனிப்பு நீர் மட்டுமே. தலைநகர் வில்னியுஸ் போகிறவர்கள் பாட்டிலில் "நாத்துராலியோஸ் ஃபெர்மென்தாத்சியோஸ்", அதாவது இயற்கையாகப் புளித்தது என்ற வரியைத் தேடி எடுங்கள். உணவகத்தில் என்றால் "நோரேச்சௌ கிரோஸ்" என்று பணிவாகக் கேட்டு, வீட்டில் செய்ததா என்றும் விசாரியுங்கள்.