கோவூர்கிழாரின் துணைவஞ்சிப் பாடல்களில் இசைவிக்கும் உத்திகள்

முன்னுரை

கேட்பாரைத் தம் கருத்துக்கு இசைவிக்கும் ஆற்றலைத் திருக்குறள் 'சொல்வன்மை' எனத் தனி அதிகாரமாக வகுத்துள்ளது. அவ்வாற்றல் உயிர்காக்க முனைந்தமைக்குப் புறநானூற்றின் 45, 46, 47ஆம் பாடல்கள் சான்றாகும். கோவூர்கிழார் பாடிய இம்மூன்றும் துணைவஞ்சித் துறையின. வெல்லவோ கொல்லவோ முனைந்து நிற்பவனைச் சந்து செய்து தடுப்பது இத்துறை. இப்பாடல்களில் புலவர், மன்னன் பகையெனக் கருதியவரின் அடையாளத்தை மாற்றிக் காட்டியே அவனை இசைவிக்க முயல்கிறார் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விலக்கி நிறுவுதல்

உறையூரை முற்றியிருந்த நலங்கிள்ளியையும் உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியையும் பாடியது 45ஆம் பாடல். எதிர்நிற்பவன் சேரர்க்குரிய பனையோ பாண்டியர்க்குரிய வேம்போ சூடியவன் அல்லன் என விலக்கி, இருவர் கண்ணியும் ஆத்தியே எனப் புலவர் நிறுவுகிறார். எவர் தோற்பினும் தோற்பது சோழர்குடியே என்னும் முடிவு இதனின்று பிறக்கிறது. இப்போர் பிற வேந்தர்க்கே உவகை தரும் என்பது இளிவரலைத் தூண்டுகிறது.

மரபை நினைவூட்டல்

மலையமான் மக்களைக் கிள்ளிவளவன் யானைக்கு இட முற்பட்டபோது பாடியது 46ஆம் பாடல். புறாவின் துயர் தீர்த்த முன்னோனைச் சுட்டி மன்னனின் பெருமிதத்தை எழுப்புகிறார். அடுத்து, சிறுவரின் குடி புலவரைப் புரந்த குடி என்கிறார். பின்னர், யானையைக் கண்டு அழுகை மறந்து, மன்றத்தைப் பார்த்து மருளும் அச்சிறுவரைக் காட்டுகிறார். கொல்லாதே என்னும் ஏவல் பாடலில் இல்லை. விரும்பியதைச் செய்க என முடிவு மன்னனிடமே விடப்படுகிறது.

வினாவால் மறுத்தல்

ஒற்றன் எனக் கருதி இளந்தத்தனை நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது பாடியது 47ஆம் பாடல். வள்ளல்களை நாடிப் பறவைபோல் நெடுவழி கடக்கும் பரிசிலர் வாழ்க்கையை விரித்து, அது பிறர்க்குத் தீங்கு அறியுமோ என வினவி, இல்லை எனப் புலவரே விடையிறுக்கிறார். ஒற்று என்னும் சொல்லையே ஆளாமல் குற்றச்சாட்டை மறுப்பது இப்பாடலின் நுட்பம்.

முடிவுரை

பகைவன் உறவினனாகவும், பகைவன் மக்கள் அஞ்சும் குழந்தைகளாகவும், ஒற்றன் பரிசிலனாகவும் மாற்றிக் காட்டப்படுகின்றனர். பிந்தைய இரு பாடல்களின் கொளுக்கள் உயிர் காக்கப்பட்டதைக் கூறுகின்றன. 45ஆம் பாடலின் கொளு விளைவைக் கூறவில்லை. ஆதலின் வெற்றியை மூன்றுக்கும் பொதுவாக்குதல் பொருந்தாது. உத்தியின் ஒருமையே பொதுவாகும். இவ்வுத்திகளை அணிநலமாக மட்டுமன்றி, அதிகாரமற்றவர் அதிகாரத்தோடு வாதிட்ட முறையாகவும் கொள்ளுதல் தகும்.