தாத்தாவின் பின்னால் நிற்பது எந்த விமானம்?

கல்வராயன் மலைமேல் கரியாலூரில் ஒரு வீடு. மரப்பெட்டியின் அடியில் மங்கிப்போன பழைய புகைப்படம். காக்கி உடுப்பில் தாத்தா நிற்கிறார். பின்னால் ஓர் ஆகாய விமானம். "நம் தேசத்திலேயே செய்த பயிற்சி விமானமாக்கும்!" என்று வீட்டார் பெருமைப்படுவதாக வைத்துக்கொள்வோம். அது மெய்தானா? படத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரித்து விடலாம், வாருங்கள்.

முதலில் இறக்கைகளை எண்ணுங்கள். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு, நடுவே கால்களும் கம்பிகளும், கூரையில்லாத இரண்டு ஆசனங்கள் என்றிருந்தால் அது பெரும்பாலும் 'டைகர் மாத்'. 1931-இல் இங்கிலாந்தில் முதன்முதல் பறந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் நம் இளைஞர்கள் இதில்தான் பறக்கப் பழகினார்கள்.

இறக்கை ஓரடுக்குதானா? மூக்கைப் பாருங்கள். பீப்பாய் போல் உருண்டு பருத்திருந்தால் அமெரிக்காவின் 'ஹார்வர்டு'. 600 குதிரைச் சக்தி யந்திரம், பறக்கையில் உள்ளே மடங்கும் சக்கரங்கள். மூக்கு ஒடுங்கி, சக்கரங்கள் மடங்காதவையாக இருந்தால் ஆசனங்களைக் கவனியுங்கள். ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்தால் ஆங்கிலேயரின் 'பிரெண்டிஸ்'. ஒருவர் பின் ஒருவராக அமர்ந்தால் நம் 'எச்.டி.-2' ஆக இருக்கலாம். காட்கே என்னும் அறிஞரின் தலைமையில் பெங்களூர் ஹிந்துஸ்தான் தொழிற்சாலையில் உருவாகி, 1951-இல் விண்ணேறிய விமானம் அது.

வர்ணத்தை மட்டும் நம்ப வேண்டாம். அக்காலத்துச் சிலவகைப் பிலிம்களில் பயிற்சி விமானத்தின் மஞ்சள் நிறமே கறுப்பாக விழும். இறக்கையிலுள்ள வட்டச் சின்னமோ நல்ல சாட்சி. ஜப்பானியரின் செஞ்சூரியனென்று மயங்காதிருக்க, 1942-இல் நடுச் சிவப்பு நீக்கப்பட்டது. அசோகச் சக்கரம் தெரிந்தால் படம் சுதந்திரத்துக்குப் பிற்பட்டது.

ஆகவே, படத்தின் பின்புறம் 1944 என்று எழுதியிருந்தால் வீட்டாரின் பெருமை நிலைக்காது. அதனால் தாத்தாவின் கீர்த்தி குறைந்துவிடுமா? ஒருநாளும் இல்லை. அந்நியர் விமானத்தில் தொழில் கற்ற கைகள் இருந்தபடியால்தான், நம் விமானம் பிறந்தபோது அதைக் கையாள ஆட்கள் இருந்தார்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்னால் ஊரும் பேரும் வருஷமும் பென்சிலால் மெல்லக் குறித்து வையுங்கள். விமானத்தின் பெயரை மூக்கும் இறக்கையும் சொல்லிவிடும். மனிதரின் பெயரை நாம்தான் சொல்ல வேண்டும்.