குரல் எட்டும் தூரம்

ஸ்விட்சர்லாந்தின் கிழக்கு மலைப்பகுதியில் 40,000 பேருக்குச் சற்று மேற்பட்டோர் வாழும் கிளாருஸ் என்ற கான்டன், அதாவது அத்தேசத்துச் சமஷ்டியின் அங்கமான ஒரு சிறு ராஜ்யம், இருக்கிறது. அங்கே மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையன்று மக்கள் திறந்த சதுக்கத்தில் கூடித் தங்களுக்குரிய சட்டங்களைத் தாங்களே தீர்மானித்துக் கொள்ளும் வழக்கம் 1387-ஆம் ஆண்டு முதற்கொண்டு நிலவி வருகிறது. லாண்ட்ஸ்கெமைண்டே என்று வழங்கும் இந்தச் சபையில், கான்டன் அரசாங்கத்தின் தலைவரான லாண்டம்மன் மேடையில் வாளூன்றி நிற்க, வாக்குரிமை பெற்ற எவரும், அவர் பால் கறப்பவராயினும் பள்ளி ஆசிரியராயினும், மேடையேறி அரசாங்கத்தின் பிரேரணையைத் திருத்தலாம், ஒத்திவைக்கக் கோரலாம், முற்றிலும் நிராகரிக்கும்படி மன்றாடலாம். விவாதம் முடிந்ததும் வர்ணச் சீட்டேந்திய கைகள் உயர்கின்றன. ஆயிரக்கணக்கான அந்தக் கைகளை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. லாண்டம்மன் கண்ணால் மதிப்பிட்டு, ஐயம் எழுந்தால் சகாக்களைக் கலந்துகொண்டு, எந்தப் பக்கம் பெரும்பான்மை என்று அறிவிக்கிறார். அதற்கு மேல் வழக்கில்லை.

இது பழைமையின் மேலுள்ள பற்றினால் காப்பாற்றப்படும் வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் 2006-ஆம் ஆண்டில் அங்கே நிகழ்ந்ததை அறிய வேண்டும். அந்தச் சிறு கான்டனுக்குள் அப்போது 25 ஊராட்சிகள் இருந்தன. பலவற்றில் பொறுப்பேற்க ஆள் கிடைப்பதே அரிதாகி, நிதியும் வற்றி வந்தது. இவற்றை இணைத்துப் பத்தாகக் குறைக்கலாம் என்று அரசாங்கம் மிகுந்த எச்சரிக்கையோடு ஒரு திட்டம் கொண்டுவந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பிரஜை எழுந்து, பத்து எதற்கு, மூன்று போதும் என்றார். சபை அதையே ஏற்றுக்கொண்டது. திகைத்துப்போன எதிர்ப்பாளர்கள் மறு ஆண்டின் இறுதியில் விசேஷ சபை ஒன்றைக் கூட்டச் செய்து தீர்மானத்தை மாற்ற முயன்றார்கள். முன்னிலும் தெளிவான பெரும்பான்மையோடு மக்கள் அதை உறுதிசெய்தார்கள். 2011 முதல் கிளாருஸில் மூன்றே ஊராட்சிகள். நிபுணர் குழுக்களும் மந்திரிகளும் துணியாத ஒரு சீர்திருத்தத்தை, அதனால் தம் சொந்த ஊரின் தனி நிர்வாகத்தை இழக்கப்போகும் மக்களே செய்து முடித்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி. வாக்களிக்கும் வயதை, அந்நாட்டில் வேறெந்தக் கான்டனுக்கும் முன்னதாக, 16-ஆகக் குறைத்ததும் இதே சபைதான், அது 2007-இல்.

ஆனாலும் இந்த முறையைக் குறையற்றது என்று போற்றுவதற்கில்லை. கடன் கொடுத்தவனும் வேலை கொடுத்தவனும் பக்கத்தில் நிற்கையில் ஏழை ஒருவன் மனம்போல் கைதூக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. நோயாளியும், ஞாயிறன்று வேலையிலிருக்கும் தாதியும் சதுக்கத்துக்கு வர இயலாது என்பதும் மெய். ஒரு பெரிய நகரம் பின்பற்றக்கூடிய முறையும் அன்று. எனினும் தோற்றவன், எந்தக் காரணங்களால் தோற்றோம் என்பதைத் தன் காதாலேயே கேட்டுவிட்டு வீடு திரும்புகிறான். முத்திரையிட்ட பெட்டிக்குள் சீட்டைப் போட்டுவிட்டுப் போகும் நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ஸ்விட்சர்லாந்தின் மற்றப் பகுதிகளில், அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற கான்டன் தவிர, இத்தகைய பொதுச்சபை கான்டன் மட்டத்தில் இப்போது இல்லை. வாக்குச் சீட்டே வழக்கம். ஆயினும் ஆட்சியின் அமைப்பு எங்கும் ஒன்றுதான்: அடியில் ஊராட்சி, நடுவில் 26 கான்டன்கள், மேலே சமஷ்டி அரசாங்கம். மூன்றும் தனித்தனியே வருமான வரி விதிக்கின்றன. பள்ளிக்கூடமும் போலீஸும் பெரும்பாலும் கான்டனைச் சேர்ந்தவை. இந்த அமைப்பு ஒரு போரை அடுத்துப் பிறந்தது. 1847-இல் கத்தோலிக்கக் கான்டன்களுக்கும் மற்றவற்றுக்கும் மூண்ட உள்நாட்டுப் போர் ஒரு மாதத்துக்குள் அடங்கியது. வென்றவர்கள் தோற்றவர்களை நசுக்காமல், மறு ஆண்டே ஓர் அரசியல் சாசனத்தை வகுத்து, மக்கள்தொகையைப் பிரதிபலிக்கும் சபை ஒன்றும் கான்டன்களைப் பிரதிபலிக்கும் சபை ஒன்றும் சமபலத்தோடு இயங்குமாறு செய்தார்கள். ஏழு பேர் கொண்ட மந்திரிசபையில் ஆண்டுக்கொருவர் முறைவைத்து ஜனாதிபதி ஆகிறார். பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தை எதிர்ப்பவர்கள் 100 நாளில் 50,000 கையெழுத்துச் சேர்த்தால் அதைத் தேச முழுவதும் வாக்குக்கு விட வேண்டும். 18 மாதத்தில் 1,00,000 கையெழுத்துச் சேர்த்தால் பிரஜைகள் தாமே சாசனத் திருத்தம் ஒன்றைப் பிரேரிக்கலாம்.

மக்களுக்கு இவ்வளவு அதிகாரம் இருந்தும் அவர்கள் அநீதி செய்யாமல் இருந்துவிடவில்லை. 1959-இல் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கலாமா என்று கேட்டபோது, கேட்கப்பட்டவர்கள் ஆண்கள் மட்டுமே ஆனதால், மூன்றில் இரண்டு பங்கினர் கூடாது என்றார்கள். 1971-இல்தான் அந்தக் கதவு சமஷ்டி மட்டத்தில் திறந்தது. அப்பென்செல் இன்னர்ரோடனின் ஆண்களோ, தங்கள் சதுக்கத்தில் பெண்கள் கைதூக்குவதை 1990 ஏப்ரலிலும் மறுத்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் சமஷ்டி நீதிமன்றம் குறுக்கிட்டு அந்த மறுப்பைச் செல்லாததாக்கிய பிறகே, 1991-இல், பெண்கள் அங்கே அடியெடுத்து வைத்தார்கள்.

இதைவிடவும் மனத்தை உறுத்துவது எம்மன் என்ற ஊரின் கதை. அந்நாட்டில் பிரஜாவுரிமை பெற விரும்புகிறவர், ஊராட்சி, கான்டன், சமஷ்டி ஆகிய மூன்றின் சம்மதத்தையும் பெற வேண்டும். 1980-களில் இலங்கையின் இனப்போரிலிருந்து தப்பி அங்கே அடைக்கலம் புகுந்த ஆயிரக்கணக்கான தமிழர்களும், பிரஜைகளானபோது, இந்த ஊராட்சி வாசல் வழியாகவே உள்ளே போனார்கள். லூசர்ன் நகரை அடுத்த எம்மனில், 2000-ஆம் ஆண்டில், விண்ணப்பித்தவர்களின் விவரங்களை ஊரார் எல்லோருக்கும் அனுப்பி, ஒவ்வொருவரைப் பற்றியும் ரகசிய வாக்கெடுத்தார்கள். இத்தாலிய வம்சத்தினர் தேறினார்கள். முன்னாள் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்கள் ஒருவர் தவறாமல் நிராகரிக்கப்பட்டார்கள். ஒரு மனிதனுடைய விண்ணப்பத்தை மறுப்பவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர், வாக்குப்பெட்டி காரணம் சொல்லாது, ஆகையால் இந்த முறை சாசனத்துக்கு விரோதம் என்று 2003-இல் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் மக்களுக்கு மேலானவர்களா என்று கொதித்தெழுந்த ஒரு கட்சி, பழைய முறையை மீட்கப் பிரேரணை கொண்டுவந்தது. 2008-இல் நூற்றுக்கு 63-க்கும் மேற்பட்டவர்கள் அதை நிராகரித்து, நீதிமன்றத்தின் பக்கம் நின்றார்கள். அயலான் மீது வெறுப்புக் கொண்ட ஓர் ஊரைத் தேசம் திருத்த முடிந்தது. தேசத்துக்கு அந்தத் திருத்தத்தை ஆமோதிக்கும் வாய்ப்பும் இருந்தது. ஆட்சிக்குப் பல மட்டங்கள் இருப்பதன் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணத்தை நான் அறியேன்.

சாசனத் திருத்தம் நிறைவேற மக்களின் பெரும்பான்மை மட்டும் போதாது, கான்டன்களின் பெரும்பான்மையும் வேண்டும் என்பது விதி. சூரிக் கான்டனில் ஊரி கான்டனைப்போல் சுமார் நாற்பது மடங்கு மக்கள் வாழ்ந்தும் இரண்டுக்கும் இந்தக் கணக்கில் ஒரே எடைதான். வெளிநாடுகளில் ஸ்விஸ் கம்பெனிகள் இழைக்கும் தீங்குக்கு அவற்றையே பொறுப்பாக்க 2020-இல் வந்த பிரேரணைக்கு மக்களில் நூற்றுக்கு 50.7 பேர் இசைந்தும், கான்டன்கள் இசையாமையால் அது வீழ்ந்தது. ஐக்கிய நாடுகள் சபையில் சேர 2002-இல் மக்கள் சம்மதித்தபோது கான்டன்களின் கணக்கு, அவற்றுள் சிலவற்றுக்கு அரை எடையே உண்டாகையால், 12-க்கு 11. ஒரே ஒரு கான்டன் மறுபக்கம் சாய்ந்திருந்தால், அச்சபையின் ஐரோப்பிய அலுவலகம் ஜெனீவாவில் இருக்க, அந்நாடு மட்டும் வெளியிலேயே நின்றிருக்கும்.

இவ்வளவு ஜாக்கிரதையாகக் கட்டிய மாளிகை, தேச எல்லைக்கு வெளியே எழுந்த ஐரோப்பிய ஒன்றியம் என்ற புதிய அதிகாரத்தின் முன் என்ன ஆயிற்று என்பதுதான் என் மனத்தை நெடுநாளாக ஆக்கிரமித்திருக்கும் விஷயம். 1992 டிசம்பர் 6-ஆம் நாள், அதன் பொதுச்சந்தையோடு இணைக்கும் ஐரோப்பியப் பொருளாதாரப் பிரதேசத்தில் சேரலாமா என்ற கேள்விக்கு, வாக்காளர்களில் நூற்றுக்கு 78 பேருக்கு மேல் திரண்டு வந்து, 50.3 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். பிரெஞ்சு பேசும் கான்டன்கள் வேண்டும் என்றன; ஜெர்மன் பேசும் கான்டன்களில் பெரும்பாலானவை மறுத்தன. கிளாருஸின் சதுக்கத்தில் பழகிய மனம், ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் யாரோ இயற்றும் சட்டத்துக்குக் கட்டுப்படத் தயங்கியது இயல்பே.

ஆயினும் நாலாபுறமும் ஒன்றியத்தின் நாடுகளும் அதன் சந்தையும் சூழ்ந்திருக்கையில் மறுப்பதால் மட்டும் விலகி வாழ்ந்துவிட முடியுமா? சாமான்களும் மனிதர்களும் எல்லையைத் தாண்டியே ஆக வேண்டும். ஆகவே ஸ்விட்சர்லாந்து ஒப்பந்தம் ஒப்பந்தமாகச் செய்துகொண்டது. முதல் தொகுப்பை 2000-இல் மக்கள் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு அங்கீகரித்தார்கள். எல்லைச் சோதனையை நீக்கும் ஷெங்கன் ஏற்பாட்டில் சேர 2005-இல் சம்மதித்தார்கள். ஷெங்கன் சம்பந்தமாக ஒன்றியம் புதிய விதி செய்தால் அதை ஸ்விட்சர்லாந்து ஏற்க வேண்டும். மறுத்தால் ஒப்பந்தமே முறியும் நிலை வரலாம். அந்த விதி உருவாகும் கமிட்டிகளில் ஸ்விஸ் அதிகாரிகள் உட்கார்ந்து பேசலாம், வாக்களிக்க உரிமையில்லை. 2015-இல் பாரிஸில் நடந்த கொலைகளுக்குப் பின் ஒன்றியம் துப்பாக்கிச் சட்டத்தை இறுக்கியபோது இதன் பொருள் வெளிப்பட்டது. ராணுவச் சேவை முடித்தவன் தன் துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொள்வதும், குறிபார்த்துச் சுடும் சங்கங்களும் அந்நாட்டின் பழைய மரபுகள். பேச்சுவார்த்தையில் அந்த ராணுவத் துப்பாக்கிக்கு விலக்கும் பெற்றார்கள் என்பதால், வாக்கில்லாத குரலும் அறவே வீணாகவில்லை. ஆனால் 2019 மே மாதத்தில் அச்சட்டம் மக்கள் முன் வந்தபோது கேள்வி துப்பாக்கியைப் பற்றியதாக மட்டும் இல்லை. மறுத்தால் ஷெங்கன் போய்விடுமே என்ற அச்சமும் சீட்டோடு சேர்ந்து பெட்டிக்குள் விழுந்தது. நூற்றுக்கு 63.7 பேர் சம்மதித்தார்கள். சட்டம் நல்லதென்றே நான் கருதுகிறேன். சம்மதித்த விதம்தான் வருத்துகிறது. இடமோ வலமோ என்று தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் அங்கே இல்லை. ஒரே பாதையில் போவதா, நிற்பதா என்ற சுதந்திரமே மிஞ்சியிருந்தது.

ஒன்றியத்தில் ஜனநாயகமே இல்லை என்று சொல்வோர் உண்மையைக் குறைத்துச் சொல்கிறார்கள். அதன் பார்லிமெண்டை 1979 முதல் மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அரசாங்கங்கள் கூடும் கவுன்ஸிலில் சாதாரணச் சட்டம் நிறைவேற, 27 நாடுகளில் 15-ம் மக்கள்தொகையில் 65 சதவீதமும் சேர வேண்டும். மக்களும் கான்டன்களும் என்ற ஸ்விஸ் விதியை ஒத்த ஏற்பாடே இது. ஏழு நாடுகளிலிருந்து பத்து லட்சம் பிரஜைகள் கையெழுத்திட்டால் ஒரு சட்டத்தைக் கோரலாம். ஆனால் அதைப் பிரேரிக்கும் கடமை ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான கமிஷனுக்குக் கிடையாது. ஒன்றியத்தின் பிரஜையின் குரல் அங்கே மெலிவாக எட்டுகிறது. வெளியே நிற்கும் ஸ்விஸ் பிரஜைக்கோ, தன் வீட்டுச் சட்டங்களில் ஒரு பகுதியை நிர்ணயிக்கும் அந்த மன்றத்தில் வாக்கே இல்லை. சுயாதிகாரத்தைக் காப்பதாக எண்ணி 1992-இல் அளித்த வாக்கு, ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு வந்தது என்பது என் கருத்து.

மக்கள் இதை அறியாதவர்கள் அல்லர். குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் பிரேரணையை 2014-இல் அதே 50.3 சதவீதத்தால் நிறைவேற்றினார்கள். ஒன்றியத்தோடு பகை மூளாதபடி பார்லிமெண்டு அதை மென்மையாக்கி அமல் செய்தது. ஒன்றியத்து மக்கள் எல்லை தாண்டி வந்து வாழவும் உழைக்கவும் உள்ள நடமாட்ட உரிமையை முற்றிலும் ரத்துசெய்யக் கோரிய பிரேரணையை 2020-இல் தெளிவாக நிராகரித்தார்கள். பொது உடன்படிக்கை ஒன்றுக்கான பேச்சை 2021-இல் அரசாங்கமே முறித்துக்கொண்டது. மீண்டும் தொடங்கிய பேச்சு 2024 டிசம்பரில் முடிந்து, புதிய ஒப்பந்தத் தொகுப்பு ஒன்று உருவாயிற்று. இப்போது நடக்கும் விவாதத்தில் ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்துக்குச் சமமாக இன்னொரு கேள்வியும் எரிகிறது: இதற்கு மக்களின் பெரும்பான்மை போதுமா, கான்டன்களின் பெரும்பான்மையும் வேண்டுமா? முதலாவதே போதும் என்பது 2025-இல் மந்திரிசபை கொண்ட முடிவு. கான்டன்களையும் கேட்டே தீர வேண்டும் என்று எதிர்ப்பாளர்கள் கையெழுத்துத் திரட்டினார்கள். பிரஸ்ஸல்ஸை நோக்கி எடுத்துவைக்கும் அந்த அடியை, ஊரியும் கிளாருஸும் சூரிக்குக்குச் சமமான எடையோடு அளந்து பார்க்கலாமா என்பதை அந்தத் தேசம் முதலில் தீர்மானித்தாக வேண்டும்.