முன் சக்கரம் இழுக்காத ஜீப்

குனிந்து, ஜீப்பின் முன் சக்கரங்களுக்கு நடுவே பாருங்கள். குண்டாக ஓர் இரும்பு உருண்டை தெரிந்தால் அது டிஃபரன்ஷியல். முன் சக்கரங்களும் இழுக்கும். வெறும் தண்டு மட்டும் இருந்தால் பின் சக்கரங்கள் தள்ளுவதோடு சரி.

இரண்டாம் உலகப் போருக்காகப் பிறந்த வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த வண்டிகளை, 1940களின் இறுதியிலிருந்து மும்பையில் மகிந்திரா பூட்டி விற்றது. திண்டுக்கல்லை ஒட்டிய சிறுமலையின் மழைச் சேற்றில் நான்கு சக்கர இழுவை கைகொடுக்கும். திண்டுக்கல் சமவெளியின் தார்ச்சாலையிலோ அது வீண் சுமை. காய்ந்த சாலையில் நான்கையும் இணைத்து ஓட்டினால் திருப்பங்களில் டயர் தேயும், ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். பின் சக்கர இழுவை மட்டும் உள்ள ஜீப்புகளையும் மகிந்திராவே விற்றது.

நான்கு சக்கர இழுவை ஜீப்பைப் பின் சக்கர இழுவைக்கு மாற்றும் பட்டறை வேலையில் முன் ஷாஃப்ட்டும் டிஃபரன்ஷியலும் கழன்று, கனம் குறைந்த ஆக்ஸில் வரும். இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸையும் எடுத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பழைய வில்லிஸ் அமைப்பில் பின் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லை, வலப்பக்கம் தள்ளியிருக்கிறது. அந்தப் பெட்டியிலிருந்துதான் அதற்கு ஷாஃப்ட் நேராகப் போகிறது. பெட்டியை நீக்கினால் பின் ஆக்ஸிலையும் மாற்ற வேண்டும். ஆகவே பெட்டியை விட்டுவைப்பதே புத்திசாலித்தனம்.

அடுத்தது பட்டை ஸ்பிரிங். பல தகடுகள் ஒன்றோடொன்று உரசும் பழைய அடுக்குக்குப் பதில், நடுவில் தடித்து முனையில் மெலிந்த பாரபோலிக் பட்டை போட்டால் குலுக்கல் அடங்கும்.

தயாரிப்பாளரின் மூல வடிவிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது; 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஸ்பேனரை எடுக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.