மட்டிப் பழமும் ஒரு டம்ளர் தயிரும்

குழித்துறைப் பழக்கடையில் ஏத்தன் வாழைக் குலைக்குப் பக்கத்தில் தொங்கும் மட்டியை, வெளியூர்க்காரர் கண்டுகொள்ளாமல் போய்விடுவார். ஒல்லியான சின்னப் பழம், மெல்லிய தோல். உரித்த பிறகுதான் அதன் மணம் தெரியும். 2023இல் கன்னியாகுமரி மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் பச்சைக் குழந்தைக்கு மசித்து ஊட்டுகிற பழமும் இதுவே.

தயிரோடு பழத்தை அடித்தால் ஸ்மூத்தி. மட்டி போட்டால் சர்க்கரை டப்பாவைத் திறக்க வேண்டியதில்லை. நான்கைந்து பழம், ஒரு டம்ளர் புளிக்காத தயிர், கால் டம்ளர் தண்ணீர். மிக்ஸியில் முதலில் தயிரும் தண்ணீரும் போக வேண்டும். பழம் அடியில் கிடந்தால் பிளேடு தன்னைச் சுற்றிக் குழி பறித்துக்கொண்டு சும்மா சுற்றும். நீர்மம் இருந்தால்தான் சுழல் உண்டாகிப் பழத்தை உள்ளே இழுக்கும். அரை நிமிடம் போதும். வடிகட்டக் கூடாது, சாறு பிழியும்போது சக்கையோடு போகிற நார் இதில் டம்ளருக்குள்ளேயே இருக்கிறது.

பாலுக்குப் பதில் தயிர் ஏன்? உறை ஊற்றிய பாலில் லாக்டோபேசில்லஸ் போன்ற நுண்ணுயிரிகள் பால் சர்க்கரையில் ஒரு பகுதியை லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. பால் குடித்தால் வயிறு உப்பும் தாத்தாவுக்குக்கூடத் தயிர் பெரும்பாலும் ஒத்துப்போகும். அரிந்த வாழைப்பழம் கறுப்பதையும் அந்தப் புளிப்பு கொஞ்சம் தள்ளிப்போடும்.

எல்லாப் பழமும் இப்படித் தயிரோடு சமாதானமாக இருக்காது. ரப்பர் தோட்டங்களில் ஊடுபயிராக விளையும் அன்னாசியை, இங்குள்ளவர்கள் சொல்லும் கைதச்சக்கையை, பச்சையாகத் தயிரில் அடித்து வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் கசக்கும். தயிர் கெட்டதென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்! அன்னாசியிலுள்ள புரோமெலைன் என்ற நொதி பால் புரதத்தை வெட்டுகிறது; வெட்டுண்ட துண்டுகளில் சில கசக்கும். பழத்துண்டுகளைச் சில நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டால் நொதி செயலிழந்துவிடும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் அடித்த கையோடு குடித்துவிடலாம்.

சர்க்கரை நோய் உள்ள பாட்டிக்குப் பழம் ஒன்று, தயிர் அதிகம், டம்ளர் சின்னது. பெரியவர்கள் மார்த்தாண்டம் தேன் ஒரு சொட்டு விடலாம், மட்டிக்கு அது ஆடம்பரம்தான். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் எந்தத் தேனும் ஆகாது: தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் அந்தப் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். அதற்கு வெறும் மட்டியை விரலால் மசித்து ஊட்டினால் போதும்.