25 நாள் கரண்ட்

"தினம் பத்து நிமிஷம்தான் படுக்க வைக்கிறாங்க சார். மொத்தத்தையும் ஒரே நாள்ல வெச்சு அனுப்பினா என்ன?"

டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் இருந்த தம்பி கேட்டார். அவருடைய அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். 25 நாள் கரண்ட் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் ஊரில் கோயில் கொடை. நாலு நாள் போய்வர நினைக்கிறார்.

கதிர் சிகிச்சைக்குக் கரண்ட் என்று பெயர்தானே தவிர, உடம்பில் மின்சாரம் பாய்வதில்லை. பாய்வது எக்ஸ்ரே, படம் எடுப்பதைவிடப் பல மடங்கு வீரியமானது. செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ இழையை அது அறுக்கிறது. புற்று செல், நல்ல செல் என்று பார்க்காது. வித்தியாசம் அதற்கப்புறம்தான். நல்ல செல் அறுந்ததை மறுநாளைக்குள் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். புற்று செல்லுக்கு அந்தக் கைவேலை அவ்வளவாக வராது. அறுந்த இழையோடு இரண்டாகப் பிரியப் பார்த்து, அப்போது சாகும்.

இப்படி நாள்நாளாகப் பிரித்துக் கொடுப்பதற்கு வழிகாட்டியது செம்மறிக் கிடா. 1920களில் பாரிஸில் க்ளாடியஸ் ரெகோ என்ற மருத்துவர் கிடாவின் விதைக்குக் கதிர் கொடுத்துப் பார்த்தார். ஒரே தடவையில் மலடாக்க முயன்றால் மேல்தோல் வெந்துபோனது. நாள்கணக்கில் பிரித்துக் கொடுத்தபோது கிடா மலடானது, தோல் பிழைத்தது. ஓயாமல் பெருகும் விந்துச் செல்களைப் புற்றின் இடத்தில் வைத்துப் பாருங்கள். அதே ஊரில் ஆன்ரி கூத்தார் இந்த முறையில் தொண்டைப் புற்று நோயாளிகளைக் குணமாக்கினார்.

"அம்மாவுக்குப் புற்றை ஒட்டியே மூத்திரப்பையும் குடலும் இருக்கு தம்பி. மொத்தமா வெச்சா அதெல்லாம் வெந்துடும். அதான் ஒரு நாளைக்கு ரெண்டு கிரேன்னு கதிர் அளவைப் பிரிச்சு வைக்கிறாங்க."

கொடை விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நாம் இடைவெளி விட்டால் மிஞ்சிய புற்று செல்கள் அந்த நாள்களில் பெருகும். வெளிக்கதிர், பிறகு கருப்பைக்குள் கருவி வைத்துத் தரும் உள்கதிர், இரண்டும் சேர்ந்து 8 வாரத்துக்குள் முடிவதுதான் நல்லது. சனி, ஞாயிறு விடுமுறை கணக்கில் சேர்ந்தது. அதற்கு மேல் ஒரு நாளும் வீணாகக் கூடாது.

தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்ல கைக்குழந்தை இருக்கு. அம்மா தூக்கலாமா சார்?" என்றார். மூன்று வாரமாகத் தள்ளியே வைத்திருக்கிறார்களாம்.

"தாராளமா. மெஷின் நின்னதும் கதிரும் நின்னுடும். உடம்புல எதுவும் தங்காது."

டீயை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு போன் போட்டார்.